விதியா, முயற்சியா? மூன்று முறை தேர்வு எழுதியவருக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 27. அரசுப் பணித் தேர்வை மூன்று முறை எழுதியிருக்கிறார். கடைசி முறை ஒன்றரை மதிப்பெண்ணில் கைநழுவிப் போயிருக்கிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட அம்மா வளையலை அடகு வைத்தாராம். முடிவு வந்த அன்று அதே அம்மா, "உன் தலையெழுத்து அவ்வளவுதான்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். இவர் கேட்கிறார்: "எல்லாம் முன்னாலேயே எழுதி வைத்ததா, நம் கையில் ஏதாவது இருக்கிறதா? எழுதி வைத்ததுதான் என்றால் நான் எதற்குப் படிக்க வேண்டும்?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, நம் மனசில் எழும் ஆசைக்கும் சோம்பலுக்கும்கூட உண்டு என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிலிருந்து "ஆகவே நான் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான்" என்ற இடத்துக்குத் தாவுவது கணக்குத் தப்பு. விதியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தாவலைத் தாங்கள் செய்ததையே கவனிப்பதில்லை.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் வாக்கியப் பஞ்சாங்கமும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்துவிடுவார், ஜாதகம் கணிப்பார். குழந்தை பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தால் மூலையில் மஞ்சள் தடவிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் அந்தச் சுலோகத்தை எழுதுவார்: "ஜனனீ ஜன்ம சௌக்யானாம் வர்த்தனீ குல சம்பதாம், பதவீ பூர்வ புண்யானாம் லிக்யதே ஜன்ம பத்ரிகா." முற்பிறவியின் புண்ணியம் வகுத்த பாதை இதோ எழுதப்படுகிறது என்பது சாரம். தமிழ்நாட்டில் பலர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இந்தச் சுலோகம் கிடக்கும். அப்புறம் ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், கர்ப்பச் செல் போக இருப்பு திசை இத்தனை வருஷம், இத்தனை மாசம், இத்தனை நாள்.

ஒரு நாள் ஒரு அம்மாள் மகனின் நோட்டைக் கொண்டுவந்தார். பையன் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். "ஆயுசு கெட்டியா இருக்கா பாருங்க சார்." அப்பா எட்டாம் இடத்தைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், நோட்டை மூடினார். "வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லும்மா. சனிக்கிழமை ஒரு எள் தீபம் போடு." அவ்வளவுதான். ஆயுளைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அது எங்கள் வீட்டு வழக்கம்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். அப்போது நான் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன், வாய் கொஞ்சம் நீளம். "ஆயுசு கெட்டின்னா அவன் எப்படி ஓட்டினாலும் பிழைப்பான். கெட்டி இல்லேன்னா மெதுவா ஓட்டினாலும் போவான். நீங்க சொன்ன யோசனைக்கு என்னப்பா அர்த்தம்?"

அப்பா மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவன் மெதுவா ஓட்டுறதும் அந்தக் கட்டத்துலயே இருக்கலாம்ல? நான் சொல்றதும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாதப்போ மெதுவா ஓட்டுறதுதான் புத்தி."

அப்போது அதை நழுவல் பதில் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான், அப்பா பெயர்கூடக் கேட்டிராத ஒரு கிரேக்கர் இதே பதிலை இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த கிரிசிப்பஸ். எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று சாதித்தவர்கள் ஸ்டோயிக்குகள். அவர்களை மடக்க எதிராளிகள் ஒரு வாதம் வைத்திருந்தார்கள். அதற்கு 'சோம்பேறி வாதம்' என்றே பெயர். நோய் குணமாகும் என்பது உன் விதியானால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும். குணமாகாது என்பது விதியானால் கூப்பிட்டும் பயனில்லை. ஆக, எப்படிப் பார்த்தாலும் வைத்தியர் தண்டம். உங்கள் கேள்வியில் வைத்தியருக்குப் பதில் பாடப் புத்தகம் இருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை.

கிரிசிப்பஸின் பதிலை ரோமானியர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். சில விஷயங்கள் தனியாக விதிக்கப்படுவதில்லை, ஜோடியாகவே விதிக்கப்படுகின்றன என்பதுதான் அது. லாயஸ் என்ற அரசனுக்கு மகன் பிறப்பான் என்பது விதி என்றால், அவன் மனைவியோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிறப்பான் என்று யாராவது சொல்வார்களா? சேர்வதும் பிறப்பதும் ஒரே முடிச்சு. குணமாவது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியிலேயே அடக்கம். 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற சங்கிலியை ஒப்புக்கொள்வது ஒன்று. 'எது நடந்தாலும் அது நடக்கும்' என்பது வேறொன்று. இரண்டையும் தமிழில் நாம் 'விதி' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். குழப்பத்தில் பாதி இங்கிருந்து வருகிறது.

ஹெல்மெட் போடச் சொன்னால் "போற உயிர் எப்படியும் போகும் சார்" என்று சிரிக்கிறவர் இரண்டாவது வகை. ஆனால் பாருங்கள், அவரே சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறார்.

இதே முடிச்சை வேறொரு ஊரில், வேறொரு மதத்தில், இன்னும் கெட்டியாகப் பிடித்தவர் கலீஃபா உமர். கி.பி. 639 வாக்கில் பாலஸ்தீனத்தில் அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் கொள்ளைநோய் பரவியது. சிரியாவை நோக்கிப் பயணம் வந்துகொண்டிருந்த உமர் நோய்ச் செய்தி கேட்டதும் திரும்பிப் போக முடிவு செய்தார். தளபதி அபூ உபைதா கேட்டார்: "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" உமர் சொன்னார்: "ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியை நோக்கியே ஓடுகிறோம்." ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. உன் ஒட்டகங்களைப் பச்சைப் பக்கம் மேய்த்தாலும் விதிதான், வறண்ட பக்கம் மேய்த்தாலும் விதிதான் இல்லையா என்று கேட்டார். ஹதீஸ் எனப்படும் நபிமொழித் தொகுப்புகளில் ஒன்றான புகாரியில் இது இருக்கிறது. விதியை முழுசாக நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையைத் துளியும் விட்டுக்கொடுக்காமலேயே கூட வந்தவர்களைத் திருப்பிக்கொண்டு போகிறார். அபூ உபைதா தன் வீரர்களோடு இருந்துவிட்டார். பிறகு அந்த நோயிலேயே இறந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருக்குறளை எடுத்தால் ஆளாளுக்குத் தங்களுக்கு வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். விதிக்காரருக்கு 380-ஆவது குறள்: "ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினும் தான்முந் துறும்." ஊழைவிட வலியது எது? அதைத் தவிர்க்க வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். முயற்சிக்காரருக்கு 620: "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்." தளராமல் உழைப்பவர்கள் ஊழையே புறமுதுகு காட்டி ஓடச் செய்வார்கள். பட்டிமன்ற மேடையில் இந்த இரண்டையும் மோதவிட்டுக் கைதட்டு வாங்குவது சுலபம்.

எனக்கு உறுத்துவது வேறு குறள், 371. "ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி." பொருள் சேரவேண்டிய ஊழ் வந்தால் முயற்சி தோன்றும், பொருள் போகவேண்டிய ஊழ் வந்தால் சோம்பல் தோன்றும். கவனியுங்கள், முயற்சியே ஊழின் பிள்ளை என்கிறார். அப்படியானால் 620-இல் ஊழை விரட்டுகிற முயற்சி எங்கிருந்து வந்தது? அதுவும் ஊழ் தந்ததுதானே?

பலர் இதை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. 371 சொல்வது, ஊழ் வேலை செய்யும் வாசல் எது என்று. கூரையைப் பிய்த்துக்கொண்டு பணம் கொட்டும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து பணம் மாயமாகும் என்றும் சொல்லவில்லை. உன் சுறுசுறுப்பு வழியாக வரும், உன் சோம்பல் வழியாகப் போகும் என்கிறார். ஊழுக்கு உன்னைத் தவிர வேறு கை கால் கிடையாது. அப்பா மோர்ச் சாதத்தோடு சொன்னதும் இதுதான். அதிகாரங்களின் இடத்தையும் பாருங்கள். 'ஊழ்' 38-ஆவது அதிகாரம், அறத்துப்பாலின் கடைசி. அதைத் தாண்டினால் பொருட்பால்: அரசன், அமைச்சு, படை, உழவு. 'ஆள்வினையுடைமை' அங்கே 62-ஆவது. இருக்கும் நிலைமையை ஒப்புக்கொண்டு முடித்த கையோடு, வேலைக்குள் நுழையச் சொல்கிறது நூல்.

ஆனால் தமிழில் இந்த விஷயத்தை மிக நுட்பமாகக் கையாண்டது குறள் என்று நான் சொல்லமாட்டேன். சிலப்பதிகாரம். "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்று பதிகத்திலேயே அறிவித்துவிட்டுத் தொடங்குகிற காப்பியம் அது. ஆக, முழுக்க விதிக் கதை என்று நினைப்போம். கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பொற்கொல்லன் ஓடிவந்து, சிலம்பு திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் அப்போது ஊடிய தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான், அவசரம். விசாரிக்காமல் ஆணையிடுகிறான். அந்த இடத்தில் இளங்கோ எழுதுவது:

"வினைவிளை காலம் ஆதலின் யாவதும்
சினையலர் வேம்பன் தேரான் ஆகி"

வினை விளையும் காலம் வந்துவிட்டதால் பாண்டியன் சற்றும் ஆராயாதவன் ஆனான். 'தேரான்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காவலர்கள் போகிறார்கள். கோவலனைப் பார்த்ததும் அவர்களுக்கே சந்தேகம். இவன் "கொலைப்படு மகனலன்", கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். கதை அங்கே நின்றிருக்கலாம். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கிப் பேசி அவர்களை மடக்குகிறான். அப்படியும் எல்லோரும் தயங்கி நிற்க, "கல்லாக் களிமகன் ஒருவன்" வாளை வீசிவிடுகிறான். எத்தனை கதவுகள் திறந்தே கிடந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஊழ் எங்கும் இடியாக வந்து விழவில்லை. ஒருவனின் அவசரம், ஒருவனின் வஞ்சகம், சிலரின் தயக்கம், ஒரு குடிகாரனின் கை, இவற்றின் வழியாகத்தான் நடந்து வருகிறது.

அடுத்தது வழக்குரை காதை. கண்ணகி அரசன் முன் நின்று முதலில் சொல்லும் சொல்: "தேரா மன்னா, செப்புவது உடையேன்." தேர்தல் என்றால் இங்கே ஆராய்தல், அதே சொல். வினை விளையும் காலம் என்பதால் அவன் தேரவில்லை என்று கவிஞர் சொன்னார். நீ தேரவில்லை என்று கண்ணகி குற்றம் சாட்டுகிறாள். ஒரு காரணம் மற்றதை ரத்து செய்யவில்லை. வினை விளைந்ததும் உண்மை, அவன் விசாரித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. தத்துவப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற சமரச வாதத்தை இளங்கோ ஒற்றைச் சொல்லை இரண்டு வாயில் வைத்துச் சொல்லிவிட்டார். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாண்டியன் என்ன செய்தான்? "என் கிரகம்" என்று சொல்லவில்லை. "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்" என்றான். "என்முதல் பிழைத்தது" என்றான். உயிர் விட்டான்.

கோவலன் முற்பிறவியில் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்தான், நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பிடித்துக் கொல்ல வைத்தான், அவன் மனைவி நீலி சாபமிட்டாள் என்ற பழங்கதை கட்டுரை காதையில்தான் வருகிறது. மதுரை எரிந்த பிறகு. மதுராபதித் தெய்வம் அதைச் சொல்வது கண்ணகியிடம். பாண்டியனுக்குக் கடைசி வரை தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை உயிர் பிழைத்திருப்பான். ஆனால் நமக்கு ஒரு நெடுஞ்செழியன் கிடைத்திருக்க மாட்டான். ஊழின் விளக்கம் பாதிக்கப்பட்டவளுக்கு ஆறுதலாக வருகிறது, தீர்ப்பு முடிந்த பிறகு வருகிறது. தவறு செய்தவனின் கையில் அதைக் கொடுக்கவே இல்லை காப்பியம்.

இன்னொரு சின்னச் செய்தி, பலர் கவனிக்காதது. நீர்ப்படைக் காதையில் பின்கதை சொல்லப்படுகிறது. மகனும் மருமகளும் போன துயரத்தில் கோவலனின் தந்தை செல்வத்தைத் தானம் செய்துவிட்டு பௌத்தத் துறவிகளிடம் போகிறார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் போவது ஆசீவகர்களிடம். ஆசீவகர்கள் யார்? மற்கலி கோசாலரின் வழி வந்தவர்கள். 'நியதி' ஒன்றே எல்லாவற்றையும் நடத்துகிறது, மனித முயற்சி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று கொண்டவர்கள். வீசிய நூலுருண்டை நூல் தீரும் வரை பிரிந்துகொண்டே போகும், அதுபோல மூடனும் ஞானியும் பிறவிச் சுழலை ஓடித் தீர்த்தே துன்பத்தை முடிப்பார்கள் என்பது பௌத்த நூல் அவர்கள் வாயில் வைக்கும் உவமை. எதிராளியின் நூல் என்பதால் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். மணிமேகலையும் நீலகேசியும் இவர்களோடு வாதாடுகின்றன. பீகாரின் பராபர் குன்றுகளில் அசோகர் இவர்களுக்குக் குகைகள் கொடுத்திருக்கிறார். முயற்சியே இல்லை என்றவர்கள் கடும் தவம் செய்தார்கள் என்பது ஒரு வேடிக்கை.

மகளைப் பறிகொடுத்த ஒரு கிழவர் ஏன் அவர்களைத் தேடிப் போனார் என்று இளங்கோ சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இது. நான் அந்த மாப்பிள்ளையைப் பார்க்காமல் இருந்திருந்தால், அவர்கள் கஷ்டப்பட்டபோது நான் போய்க் கேட்டிருந்தால், என்று ராத்திரி முழுதும் விழித்துக்கிடக்கும் ஒரு தகப்பனிடம், யார் என்ன செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொன்னால் அது பொய்யாகவே இருக்கட்டும், அவர் தூங்குவார். அந்தத் தூக்கத்தை நான் பழிக்க மாட்டேன்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். உங்களுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்று எப்போது தோன்றியது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அசைவுக்குச் சுமார் 200 மில்லி வினாடிக்கு முன் 'தோன்றியது' என்றார்கள். ஆனால் மூளையின் மின் அலை சுமார் 550 மில்லி வினாடிக்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. உடனே, மூளை முடிவெடுத்த பிறகுதான் உனக்கே தெரிகிறது, சுயவிருப்பம் செத்தது என்று தலைப்புச் செய்திகள். 2012-இல் ஆரன் ஷர்கரும் சகாக்களும் வேறு விளக்கம் கொடுத்தார்கள்: அந்த ஏற்றம் எடுத்துவிட்ட முடிவு இல்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும் தருணங்களை மட்டும் பின்னோக்கிச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அப்படித் தெரியும். வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படி முடிந்தாலும், காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பதும், மூன்று மாதம் யோசித்து வேலையை விடுவதும் ஒரே ரகமான செயல்களா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

என்னை உண்மையில் ஆட்டிப் பார்த்தது லிபெட் இல்லை, மாத்திரை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் ஏற்பிகளைத் தூண்டுபவை. அவற்றை எடுத்துக்கொண்டவர்களில் சிலர், வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாதவர்கள்கூட, சூதாட்ட வெறி பிடித்துச் சேமிப்பை அழித்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்தால் அல்லது நிறுத்தினால் வெறியும் அடங்கிவிடுகிறது. அந்த வெறி இருந்த நாட்களில் அவர்களுக்கு அது தங்கள் ஆசை போலத்தான் தோன்றியிருக்கும். அப்படியானால் நான் 'என் விருப்பம்' என்று மார்தட்டுவதில் எவ்வளவு என் விருப்பம், எவ்வளவு ரசாயனம்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த நோயாளியை நாம் மன்னிக்கிறோம், மாத்திரை எடுக்காத சூதாடியை அவ்வளவு எளிதாக மன்னிப்பதில்லை. அப்படியென்றால் ஒரு கோட்டை நாம் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். காரணம் இருக்கிறதா இல்லையா என்பதில்லை அந்தக் கோடு. சொன்னால் கேட்கும் நிலையில் அந்த மனம் இருந்ததா என்பதே. நம் நாட்டுக் குற்றவியல் சட்டமும் அப்படித்தான். பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. மனநலம் குன்றி, தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமாகாது. அண்டம் முழுதும் முன்னமே தீர்மானிக்கப்பட்டதா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

ஒருவேளை எல்லாம் தீர்மானிக்கப்பட்டதாகவே இருக்கட்டும். 1814-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கற்பனை செய்த அந்த மகா அறிவு, ஒவ்வொரு அணுவின் இடத்தையும் விசையையும் அறிந்து நாளை நடப்பதைக் கணித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அது வந்து உங்களிடம் "நாளை காலை நீங்கள் காபி குடிப்பீர்கள்" என்று சொன்னால்? வீம்புக்காகவாவது நான் டீ குடிப்பேன். சொன்னதே ஒரு புதுக் காரணமாகிவிடுகிறது. இதற்கும் ஒரு தமிழ்ச் சாட்சி இருக்கிறது, சிலம்பின் கடைசிக் காதையில். அரசவையில் தந்தையின் பக்கத்தில் இருந்த இளையவரைப் பார்த்து, அரியணை ஏறும் இலக்கணம் இவருக்கு இருக்கிறது என்று ஒருவன் குறி சொன்னான். அண்ணன் செங்குட்டுவனின் மனம் வருந்துமே என்று அந்த இளையவர் அங்கேயே துறவு பூண்டார். குறி பொய்த்தது. காப்பியம் பிறந்தது. குறி சொன்னவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்கு இளங்கோ அடிகள் இல்லை.

விதிப் பேச்சு எங்கே எனக்குக் கசக்கிறது என்றால், அடுத்தவன் கஷ்டத்துக்கு அதைச் சொல்லும்போது. "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற 37-ஆவது குறளுக்குப் பரிமேலழகர் எழுதும் உரையைப் பாருங்கள்: அறத்தின் பயன் இது என்று நூலைக் கொண்டு விளக்க வேண்டாம், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் பார்த்தாலே தெரியும். அதாவது சுமப்பவன் போன பிறவியில் செய்தது போதாது. பிற்காலத்தில் சிலர் இதை மாற்றிப் படித்தார்கள்: சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. பிடிக்கிறது என்பதற்காக வள்ளுவர் அதைத்தான் நினைத்தார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முதல் உரையைப் பல நூற்றாண்டுகள் யார் யாரிடம் சொல்லி யார் யாரைச் சுமக்க வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

'விதி முடிந்துவிட்டது' என்ற எல்லையும் நிலையாக நிற்பதில்லை. முதல் வகை சர்க்கரை நோய் வந்த பிள்ளை ஒரு காலத்தில் பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் இறந்துபோகும். பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் இழுக்கலாம், அவ்வளவே. 1922 ஜனவரியில் டொரன்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் முறையாக இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி இரண்டு வாரத்துக்குள் மறுபடி போட்டார்கள். அவன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான். 1921-இல் அதே நோயில் இறந்த பிள்ளையின் தாயிடம் "ஆயுசு அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படியே நம்பியிருந்தால் 1922-உம் அதே மாதிரிதான் போயிருக்கும்.

இப்போது உங்கள் ஒன்றரை மதிப்பெண். அதில் உங்கள் கையில் இல்லாதது நிறையவே இருந்தது: அந்த வருஷம் எத்தனை காலியிடம் அறிவித்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள், உங்களுக்குத் தெரிந்த பாடத்தில் எத்தனை கேள்வி வந்தது, எந்த வீட்டில் பிறந்தீர்கள், மற்றவர்கள் எத்தனை வயதில் படிக்கத் தொடங்கினார்கள். இதற்கெல்லாம் சேர்த்து 'ஊழ்' என்று பெயர் வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. வைத்துக்கொண்டால் உங்களை நீங்களே ராத்திரியெல்லாம் திட்டிக்கொள்வது குறையும். கையில் இருந்ததும் உண்டு. விடைக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, தெரியாமல் விட்டது எத்தனை, தெரிந்தும் அவசரத்தில் தப்பாக நிரப்பியது எத்தனை என்று இரண்டு பட்டியல் போட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இரண்டாவது பட்டியலில் நாலைந்து இருந்தால் நான்காம் முறை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. முதல் பட்டியல்தான் நீளம் என்றால், வயது வரம்பையும் வீட்டு நிலைமையையும் பார்த்து வேறு வேலையோடு சேர்த்துப் படியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். விடுவதும் ஒரு முடிவுதான், அதற்குக் கிரகத்தின் கையெழுத்து வேண்டாம்.

அம்மாவிடம் இதையெல்லாம் வாதாடாதீர்கள். முடிவு வந்த அன்று அவர் சொன்னது மாநாய்கன் தேடிப்போன ஆறுதல், உங்களுக்காகச் சொன்னது. அவருடைய தத்துவம் அது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையெழுத்தை முழுசாக நம்புகிற பெண் பயிற்சி வகுப்புக்காக வளையலைக் கழற்றியிருக்க மாட்டார். அடகுச் சீட்டில் மீட்கும் கெடு எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள்.